ஈயத்தில் பல்தடம்

இலட்சுமி இறந்து தொண்ணூறு மணி நேரம் ஆகியிருந்தது. அவளைக் கொன்றது தான்தான் என்று லொறி டிரைவர் செல்லச்சாமி நம்பத் தொடங்கி எழுபது மணி நேரம். அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட அவருக்கு இன்னும் நாலரை மணி நேரம் இருந்தது.

நாலு மணிக்குத் தோட்டத் துரையின் ஒபீஸில் கடிதம் தயாராக இருக்கும். கையெழுத்துப் போட்டதும் வேலை போகும். வேலையோடு, குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும்.

சந்திரகாந்தாவின் பின்னால் இத்ரூஸ் அந்தக் காம்பராவின் வாசலில் தலையைக் குனிந்து நுழைந்தார். மாத்தளை ரவுணில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறவர். இரண்டு வருடங்களுக்கு முன் சந்திரகாந்தாவை ஒரு விசாரணைக்கு ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது தன்னைத்தானே அவளுடைய உதவியாளராக நியமித்துக்கொண்டார். சந்திரகாந்தா அதற்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆய்வுகூடத்தைப் பார்த்துக்கொண்டவள். இப்போது பிறர் வீட்டுச் சிக்கல்களைப் பார்க்கிறாள்.

செல்லச்சாமி பாயில் கிடந்தார். இடது கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. அடித்த தோட்டத்து ஆட்கள் அந்தக் கையைப் பார்த்து அடித்திருக்க வேண்டும். கையெழுத்துக்கு வலது கை வேண்டுமே.

"நாலு நாளா பச்சத் தண்ணிதான் மிஸ்," என்றாள் அவருடைய மனைவி அழகம்மா. அவள்தான் ஆள் அனுப்பி இவர்களை வரவழைத்தவள்.

"சனிக்கிழம ராத்திரி லொறி லைட்ட அணைச்சீங்களா?" சந்திரகாந்தா கேட்டாள்.

"நெனப்பில்லீங்க. கொஞ்சம் போட்டிருந்தேன்."

"கொஞ்சம்டா எவ்வளவு?" என்றார் இத்ரூஸ்.

"நெனப்பில்லாத அளவுக்குங்க."

மிச்சத்தை அழகம்மாதான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நிறைமாதக்காரி இலட்சுமிக்கு இரத்தம் போக ஆரம்பித்தது. உடனே ஆஸ்பத்திரி என்றாள் மருத்துவிச்சி. தோட்டத்துக்கு இருப்பது ஒரே லொறி. அது பள்ளத்துக் கொட்டகையில் நின்றது. தள்ளி உருட்ட வழியில்லை. செல்லச்சாமி சாவியைத் திருப்பினார். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அவரும் கிளீனர் மாரிமுத்துவும் எஞ்சினைக் கிளப்பும் ஸ்டாட்டரைக் கழற்றினார்கள், துடைத்தார்கள், பூட்டினார்கள். நாற்பது நிமிடம். பிறகு கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு இரத்தோட்டைக்கு ஓடினார்கள். ஆஸ்பத்திரி கேட்டுக்கு நூறு கஜம் இருக்கும்போது இலட்சுமி போய்விட்டாள். வயிற்றில் இருந்ததும் போனது.

திங்கட்கிழமை ரவுணிலிருந்து மெக்கானிக் வந்தார். வேறு பெட்டரி போட்டார். லொறி ஒரே திருப்பில் கிளம்பியது. பழுது ஸ்டாட்டரில் இல்லை, பெட்டரி காலி. இலட்சுமியின் தகப்பன் நல்லையா கங்காணி அங்கேயே தீர்ப்புச் சொன்னார்: குடித்துவிட்டு லைட்டை அணைக்காமல் தூங்கிய டிரைவர்தான் தன் மகளைக் கொன்றான்.

"டிக்னு மட்டும் சத்தம் வந்தா மொதல்ல பெட்டரியத்தானே பாப்பாங்க?" என்றாள் சந்திரகாந்தா. "நீங்க ஏன் ஸ்டாட்டர கழட்டினீங்க?"

"பெட்டரி நல்லாருக்குன்னு…" செல்லச்சாமி நிறுத்திக்கொண்டார்.

"யாரு சொன்னா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "என் தப்புங்க. இனிமே யாரையும் கேக்க வேணாம்."

வெளியே வந்ததும் இத்ரூஸ் சொன்னார், "நம்மட கட்சிக்காரரே எதிர்க்கட்சிக்கு வோட்டுப் போடுறார் மிஸ்."

---

காலி பெட்டரியைக் கொட்டகை மூலையில் தூக்கிப் போட்டிருந்தார்கள். தூக்கவே சிரமமான கனத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. மேலே இரண்டு ஈயக் குமிழ்கள். இரண்டிலும் தடிப்பாகக் கிரீஸ் அப்பியிருந்தது.

சந்திரகாந்தா குந்தி உட்கார்ந்து கொண்டை ஊசியால் கிரீஸைச் சுரண்டினாள். ஈயம் வெளியே வந்தது. அதில் பளபளவென்று புதுப் புள்ளிகள். மூன்று புள்ளி, ஓர் இடைவெளி, இரண்டு புள்ளி. குமிழின் மறுபக்கத்தில் இன்னொரு வரிசை.

"நானா, லொறிக்குப் பல்லிருக்கா?" இத்ரூஸை அவள் அண்ணன் என்ற அர்த்தத்தில் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"பழைய லொறி மிஸ். ஈந்த பல்லும் கொட்டியிருக்கும்."

"லொறி வயரு மோதிரம் மாதிரி குமிழச் சுத்திப் பிடிக்கும். கடிக்காது. இது ஸ்பிரிங் கிளிப்பு கடிச்ச தடம். ஒரு பல்லு ஒடஞ்ச கிளிப்பு. கிரீஸுக்கு அடியில இருக்கு. கடிச்சதுக்கு அப்புறம் யாரோ புதுசா கிரீஸ் பூசியிருக்காங்க."

"அப்ப பெட்டரி வெளிய போய் வந்தீக்குது."

"போய், எதுக்கோ உழைச்சி, களைச்சி வந்திருக்கு."

இருவரும் சேர்ந்து பெட்டரியை வண்டியின் பின்சீட்டில் ஏற்றினார்கள். சந்திரகாந்தா அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொட்டகையில் கிடந்த இரண்டு வயர்த் துண்டுகளையும் எடுத்துக்கொண்டாள். இத்ரூஸுக்கு அந்த வயர்தான் பிடிக்கவில்லை.

அவர் பயந்தபடியே ஆனது. பாலத்தடிச் சோதனைச் சாவடியில் ஒரு சின்ன வயதுச் சிப்பாய் உள்ளே எட்டிப் பார்த்தான். பெட்டரி. வயர். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். அவன் இரண்டடி பின்னால் போய்த் துப்பாக்கியை நீட்டினான். தொண்ணூற்றாறாம் ஆண்டு. ஜனவரியில் கொழும்பில் குண்டு வெடித்த சத்தம் இன்னும் எல்லார் காதிலும் இருந்தது.

"மாத்தயா, இது செத்த பெட்டரி," என்று இத்ரூஸ் சிங்களத்தில் சிரித்துப் பேசினார். "இதால ஒரு நுளம்பக்கூட கொல்ல ஏலாது."

சிப்பாய் சிரிக்கவில்லை. இத்ரூஸை மண்மூட்டைக்குப் பின்னால் நிறுத்தினான். பெட்டரியை இறக்கி, எதிரே இருக்கும் மதகு வரைக்கும் கொண்டுபோகச் சொன்னான். அவள் மட்டும். தனியாக.

தூக்க முடியவில்லை. இழுத்துக்கொண்டு போனாள். முப்பது கஜம். இரண்டு முறை செருப்பு கழன்றது. மதகடியில் வைத்ததும், வயர்களைச் செருகி முனைகளை ஒன்றோடொன்று தொடச் சொன்னார்கள். மண்மூட்டைக்குப் பின்னால் ஐந்து சிப்பாய்களும் குனிந்துகொண்டார்கள். குனியாமல் நின்றவர் இத்ரூஸ் ஒருவர்தான். அவருக்குச் சொல்ல ஒரு பகிடியும் கிடைக்கவில்லை.

சந்திரகாந்தா முனைகளைத் தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை தொட்டாள்.

ஒரு சிப்பாய் கையைத் தட்டினான். மற்றவர்கள் சிரித்தார்கள். அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுப் போகச் சொன்னார்கள்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவள் பேசினாள். உள்ளங்கைகளில் தோல் உரிந்திருந்தது.

"ஒரு பொறிகூட வரல நானா. அடியோட வறண்டிருக்கு."

"நீங்க அதையா பாத்துக்கொண்டிருந்தீங்க?"

"வேற என்னத்தப் பாக்கிறது?"

---

இரத்தோட்டையில் பெட்டரி சார்ஜ் போடும் கடை ஒன்றுதான். மின்வெட்டுக் காலம் ஆனதால் வாசலில் ஒரு சின்ன ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது. உள்ளே நாற்பது ஐம்பது பெட்டரிகள் வரிசையாக இருந்தன. லயத்துக்குக் கரண்டு கிடையாது. சனிக்கிழமை படம் பார்க்கத் தோட்டத்து ஆட்கள் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவரும் டீவி பெட்டரிகள்.

கடைக்காரர் றஹீம் ஈயக் குமிழைப் பார்த்தார்.

"இது என்ட கிளிப்பு இல்ல. என்ட கிளிப்புகளுக்குப் பல்லே இல்ல. தேஞ்சி போய் தகடு வச்சி ஓட்டுறன்."

"ஒங்கட வாய் மாதிரி," என்றார் இத்ரூஸ்.

"என்ட வாயில மூணு ஈக்குது, வாப்பா. அதோட, நான் சார்ஜ் போட்டா மஞ்சப் பெயின்டால நம்பர் எழுதுவன். இதுல நம்பரில்ல."

"பல்லுள்ள கிளிப்பு இந்த ரவுணில யாருகிட்ட இருக்கு?" சந்திரகாந்தா கேட்டாள்.

றஹீம் யோசித்தார். "ரெண்டு மாசத்துக்கு முந்தி கொம்பியூட்டர் கிளாஸ் ஜவாஹிர் சேர் ஒரு சோடி எடுத்துத் தரச் சொன்னார். பெரிய கிளிப்பு. எதுக்கு சேர்ண்டு கேட்டன். கரண்டில்லாத நேரம் கொம்பியூட்டர் ஓட்டண்டார். நான் சிரிச்சன். அவர் சிரிக்கல்ல."

மணி ஒன்று முப்பத்தைந்து.

---

கிளாஸ் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்தது. மேசையில் இரண்டு கொம்பியூட்டர்கள். பிளாஸ்டிக் உறைக்குள் மணமக்கள் மாதிரி மூடியிருந்தன. மேசைக்கு அடியில் சப்பாத்துப் பெட்டி அளவு ஓர் இரும்புப் பெட்டி. அதன் மூடியைக் கழற்றி வைத்திருந்தது. உள்ளே இருக்க வேண்டிய சின்னப் பெட்டரியைக் காணவில்லை. அந்த இடத்திலிருந்து இரண்டு தடித்த வயர்கள் வெளியே வந்து தரையில் கிடந்தன. திறந்த வயிற்றுக்கு நேரே ஒரு மேசை விசிறி.

சந்திரகாந்தா உட்காரவில்லை. நேரே குனிந்து வயரின் நுனியை எடுத்துக் கிளிப்பின் வாயைத் திறந்து பார்த்தாள். மூன்று பல், ஒரு பொக்கை, இரண்டு பல்.

"புடிச்சாச்சி முதலைய," என்றார் இத்ரூஸ்.

ஜவாஹிர் கழுத்துப் பட்டி கட்டிய மெல்லிய மனிதர். "அது யூ.பி.எஸ். கரண்டு போனா பத்து நிமிசம் ஓடும். அதுக்குள்ள எழுதினத சேவ் பண்ணிப் போட்டு அணைக்கணும். அவ்வளவுதான் அதுட வேல."

"பத்து நிமிசத்துக்கு எதுக்கு விசிறி, சேர்?"

ஜவாஹிர் கழுத்துப் பட்டியைச் சரிசெய்தார்.

"பத்து நிமிசத்துல இந்தப் பெட்டி சூடாகாது. மணிக்கணக்கா ஓடினாத்தான் சூடேறும். சின்னப் பெட்டரிய எடுத்துட்டு பெரிய பெட்டரி பூட்டியிருக்கீங்க. சூட்டத் தணிக்க விசிறி வச்சிருக்கீங்க. நல்ல மூளைதான். ஞாயித்துக்கிழம லொறி கெளம்பாம ஒரு நெறமாசக்காரி செத்தா. அன்னைக்கு காலையில எட்டிலருந்து பன்னண்டு வரைக்கும் இங்க கரண்டு இல்ல. இந்த லொறி பெட்டரிதானே ஓட்டிச்சி?"

"அது நாங்க கேட்டு வந்ததில்ல. ஒரு ஸ்டூடன்ட் தானா விரும்பிக் கொண்டுவந்தது. அண்டைக்குப் பிரக்டிகல் டெஸ்ட். என்ட பழைய பெட்டரி மண்டையப் போட்டுட்டு. டெஸ்ட் நடத்தாட்டி அந்தப் பொடியனுக்கு ஆறு மாசம் காத்திருக்கணும். கரண்டு வந்தாப் பொறகும் அர மணித்தியாலம் பூட்டியே வச்சிருந்தம். இந்தப் பெட்டி பெட்டரிக்குச் சார்ஜும் போடும். பச்ச லைட் பத்தினாப் பொறகுதான் கழட்டினது. எடுத்ததவிட நெறச்சித்தான் குடுத்தம்!"

அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்று இத்ரூஸுக்குத் தெரிந்தது.

"பச்ச லைட்டுக்கு என்ன அர்த்தம் தெரியுமா சேர்?" சந்திரகாந்தாவின் குரல் உயரவே இல்லை. "கரண்டு வந்திருச்சின்னு அர்த்தம். பெட்டரி நெறஞ்சிருச்சின்னு இல்ல. ரெண்டு கொம்பியூட்டரும் விசிறியும் ஓடினா மணிக்கு முப்பது அம்பியர் உறிஞ்சும். நாலு மணி நேரத்துக்கு நூத்திருவது. இந்தப் பெட்டி சின்னப் பெட்டரிக்குன்னு செஞ்சது. திருப்பிக் குடுக்கிறது மணிக்கு அர அம்பியர். எடுத்தத நெரப்ப இருநூத்தி நாப்பது மணி நேரம் வேணும். பத்து நாள். நீங்க அர மணி நேரம் வச்சீங்க."

"கிணத்த இறைச்சிட்டுத் தேக்கரண்டியால நெரப்பீக்கீங்க," என்றார் இத்ரூஸ்.

ஜவாஹிர் கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார். "என்ட கிளாஸுட பேர் வெளிய வராம பாத்துக்கொள்ளுங்க," என்றார். செத்தவளின் பெயரை அவர் கேட்கவில்லை.

"அந்த ஸ்டூடன்ட் யாரு?"

அவர் சுவரைக் காட்டினார். ஓரத்தில் துளை போட்ட கடதாசியில் பெறுபேறு அச்சடித்து ஒட்டியிருந்தது. ஒன்பதாம் திகதி ஜூன், ஞாயிறு. மூன்று பெயர்கள். இத்ரூஸ் முதல் பெயரைச் சத்தமாக வாசித்தார்.

"எஸ். மாரிமுத்து. எண்பத்திரெண்டு புள்ளி. திறமைச்…" வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "மிஸ். மாரிமுத்துண்டா லொறிக் கிளீனர். இலட்சுமிட புருசன்."

"தெரியும் நானா. வண்டிய எடுங்க."

---

மூன்று ஐம்பதுக்கு ஒபீஸ் விறாந்தைக்கு வந்துவிட்டார்கள். துரை மேசைக்குப் பின்னால் இருந்தார். மேசையில் கடிதமும் பேனாவும். நல்லையா கங்காணி தூணோரம் கைகட்டி நின்றார். செல்லச்சாமியை அழகம்மா தாங்கிப் பிடித்திருந்தாள். மாரிமுத்து படிக்கட்டில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும்.

சந்திரகாந்தா அவன் பக்கத்தில் போய்க் குந்தினாள். ஈயக் குமிழில் தான் பார்த்ததையும் சுவரில் இத்ரூஸ் வாசித்ததையும் இரண்டே வசனத்தில் சொன்னாள். "நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

அவன் படிக்கட்டில் கையை ஊன்றினான். எழுந்து மாமனார் முன்னால் போய் நின்றான்.

"மாமா. லொறி பெட்டரிய நான்தான் ரவுணுக்குக் கொண்டு போனேன். கிளாஸுக்கு. எப்பவும் எண்ணெயத் தொடச்சிக்கிட்டே கெடக்கக் கூடாதுன்னுதான். ஒபீஸ்ல ஒரு வேல கெடைக்கும்னுதான். அவளுக்கும் தெரியும். பச்ச லைட்டு எரிஞ்சிச்சி, நெறஞ்சிருச்சின்னாங்க. ஒரு மணிக்கெல்லாம் கொண்டாந்து மாட்டிட்டேன். காலையில நான் கழட்டினப்ப பெட்டரி நெறஞ்சிதான் இருந்திச்சி. செல்லச்சாமியண்ணே லைட்ட அணைச்சாரோ இல்லியோ, அதுல ஒண்ணுமில்ல."

செல்லச்சாமி ஒரு சத்தம் போட்டார். அழுகையா மூச்சா என்று தெரியவில்லை. அழகம்மா அவரை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

நல்லையா கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். பிறகு மருமகன் தோளில் கையை வைத்தார். "தெரியாம செஞ்சிட்ட. விடு."

இத்ரூஸுக்கு நெஞ்சு லேசானது. வண்டிச் சாவியைத் தேடினார். ஆனால் சந்திரகாந்தா நகரவில்லை. துரையின் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துரை கடிதத்தில் ஒரு வரியை வெட்டினார். அடுத்த வரியை வெட்டவில்லை. "லைட் விசயம் சரி. அது இல்ல," என்றார் தன் சிங்களத் தமிழில். "ஆனா டிரைவர் பெட்டரி பாக்க இல்ல. சும்மா ஸ்டாட்டர் கழட்டி நாப்பது நிமிசம் வேஸ்ட். அதுதானே பொம்பள செத்தது? சைன் பண்ணு, செல்லச்சாமி."

செல்லச்சாமி வலது கையை நீட்டினார். பேனாவுக்கு.

"துரை, ஒரு நிமிசம்," என்றாள் சந்திரகாந்தா. "நல்லையா ஐயா, ஒங்க வீட்ல டீவி இருக்கா?"

"இருக்கு."

"பெட்டரி?"

"சனிக்கிழமதான் சார்ஜ் போட்டு வந்திச்சி."

"அந்த லயத்துல எத்தன பேர் வீட்ல பெட்டரி இருக்கு?"

நல்லையா எண்ணினார். எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது. "அஞ்சாறு. கொட்டகையிலருந்து கூப்பிட்டா கேக்கிற தூரம்."

"அதுல ரெண்ட எடுத்து சேத்து மாட்டியிருந்தா லொறி கெளம்பியிருக்கும். பெட்டரி காலின்னு தெரிஞ்சிருந்தா போதும். பத்து நிமிசம். செல்லச்சாமியண்ணே, இருவது வருசம் லொறி ஓட்டினவரு நீங்க. நீங்களும் மொதல்ல பெட்டரியத்தானே நெனச்சீங்க?"

"ஆமாங்க."

"ஏன் பாக்கல?"

"கேக்காதீங்க மிஸ். பொஞ்சாதியப் பறிகுடுத்த பய."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

இத்ரூஸ் சந்திரகாந்தாவின் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார், "போதும் மிஸ். அந்தக் கடுதாசிய நான் துரைக்கிட்ட கெஞ்சிக் கேட்டு வாங்குறன். இந்த ஒண்ட மட்டும் விட்டிருங்க. அந்தக் கங்காணிக் கெழவனால தாங்க ஏலாது."

அவள் கேட்காதவள் போல நின்றாள். தோல் உரிந்த உள்ளங்கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

"மாரிமுத்து. சாவிய திருப்பினப்ப நீங்க எங்க நின்னீங்க?"

"போனட்டுக்கிட்ட."

"சத்தம் கேட்டிச்சா?"

"டிக்னிச்சி."

"அண்ணே ஒங்ககிட்ட ஒண்ணு கேட்டாரு. பெட்டரியப் பாருன்னு சொன்னாரு. நீங்க என்ன சொன்னீங்க?"

நல்லையாவின் கை இன்னும் மருமகன் தோளில்தான் இருந்தது. அதை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை. துரை பேனாவைக் கீழே வைத்தார்.

"தோட்டத்துச் சாமானத் தொட்டா வேல போயிரும்னு துரை போன மாசம்தான் சொன்னாரு," என்றான் மாரிமுத்து. "எப்பிடியும் தள்ளிக்கிள்ளிக் கெளப்பிருவாங்கன்னு நெனச்சேன். அவளுக்கு அவ்வளவு மோசம்னு தெரியாது. அண்ணே ஸ்டாட்டரத் தொடச்சிக்கிட்டு இருக்கும்போதே சொல்லிருவோம்னு ரெண்டு தடவ வாயத் தொறந்தேன்…"

"என்ன சொன்னீங்க?"

அவன் மாமனாரின் கண்ணைப் பார்த்தான். பிறகு அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"டிக்னு கேட்டதுமே பெட்டரி செத்துப்போச்சின்னு எனக்குத் தெரியும், மாமா. தெரிஞ்சே, நல்லாருக்குன்னு சொன்னேன்."